உரலிடம் சொல்லி வைத்தது

எங்கள் கச்சாயக் கடையை இப்போது நடத்துவது என் மூத்த மகன் நடராஜும் இளைய மகனின் மனைவி சுகன்யாவும். நடத்துகிறார்கள் என்பதைவிட, இரண்டு பேரும் நாள் முழுக்கச் சண்டை போடுகிறார்கள், நடுவில் கச்சாயமும் வெந்துவிடுகிறது என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். வெளியூர்க்காரர்கள் அதிரசம் என்பதைத்தான் வடகரப்பதியில் நாங்கள் கச்சாயம் என்கிறோம்.

"மாமா, கேஸைக் கொறைங்கன்னு எத்தன தடவ சொல்றதுங்க?" என்பாள் இவள்.

"நீ மொதல்ல உன்ற மாவப் பாரம்மா" என்பான் அவன்.

நான் வேலையை விட்டு ஆறு வருடமாகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருப்பேன். எங்கள் வீட்டில் கல்யாணப் பத்திரிகைக்குப் பஞ்சமே இல்லை. கச்சாயம் சொல்ல வருகிற ஒவ்வொருவரும் ஒன்று வைத்துவிட்டுப் போவார்கள். அதன் பின்பக்கம் வெறுமையாக, நல்ல வழவழப்பாக இருக்கும். அதில்தான் என் ஓவியக் கலை வளர்கிறது. அதற்கு முன்பு கும்மிப் பாட்டு எழுதிப் பார்த்தேன். எந்தச் சாமியைப் பாடத் தொடங்கினாலும் மூன்றாவது அடியில் வெல்லம் வந்துவிட்டது. விட்டுவிட்டேன்.

போன மாதம் கடைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சுவரில் கடையைப் பேரெடுக்க வைத்தவரின் படம் ஒன்று மாட்ட வேண்டும் என்றாள் சுகன்யா. அவர் என் கணவரின் அண்ணன், எங்கள் பேச்சில் எனக்கு மச்சாண்டார். தேடிப் பார்த்ததில் ஒரே ஒரு போட்டோ கிடைத்தது. யாரோ ஒருவருடைய கல்யாணப் பந்தியில் குனிந்து பரிமாறுகிறார். பிடரி மட்டும் நன்றாக விழுந்திருக்கிறது.

"அத்தை, நீங்கதான் படம் வரையறீங்களே. பெரிய மாமாவ வரைஞ்சு குடுங்க."

"எனக்கு அவுங்க மொகம் தெரியாது கண்ணு."

"இருவது வருசத்துக்கு மேல ஒட்டுக்கா வேலை செஞ்சீங்க!"

"செஞ்சோம். ஆனா பேசிக்கல. நிமிந்தும் பாக்கல."

"அப்பறம் தொழில் எப்புடி நடந்துச்சு?"

"உரலு நடத்துச்சு."

அவள் சிரித்த சிரிப்பில் நடராஜ் ஒரு வடச்சட்டிக் கச்சாயத்தைக் கருக்கிவிட்டான். அதற்கும் சண்டை வந்தது. கடைசியில், இதை எழுதித்தான் ஆக வேண்டும் என்று இரண்டு பேரும் ஒன்று சேர்ந்து சொன்னார்கள். அவர்கள் ஒன்று சேர்ந்து சொன்ன முதல் விஷயம் என்பதால் மறுக்க மனம் வரவில்லை.

மச்சாண்டாரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஆயுசுக்கும் வாயால் சொல்லாத பெயரைக் கை மட்டும் எழுதினால் சரியாகுமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பெரியவர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

நான் கல்யாணமாகி வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். பிறந்த ஊர் நல்லேப்பிள்ளி. எங்கே திரும்பினாலும் நெல் வயல். வடகரப்பதி காட்டுப் பூமி, கடலையும் சோளமும் விளையும் ஊர். இங்கே அரிசி என்பது சந்தையிலிருந்து மூட்டையில் வருகிற பொருள். வீட்டில் நாலே பேர்: மாமியார், பெரியவர், என் கணவர், நான். பெரியவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாம் அவர் பலகாரத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார் என்றும், எந்த வீட்டுப் பலகாரமும் பதமாக அமையவில்லை என்றும் என் கணவர் சொல்வார். என் கணவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும், ஆனால் இதை நம்பலாம்.

வேலை பழக எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இடித்தேன், சலித்தேன், கை காய்த்துப் போனது. கடை அடுப்பில் என்னைச் சேர்த்துக்கொள்வதற்கு முன்னால் மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"மூத்தவங்கிட்ட நேருக்கு நேர் ஒரு நாயம் பேசுனேன்னு என்ற காதுல உழுந்துச்சுன்னா, அன்னியோட உனக்குக் கடை அடுப்பு இல்ல அம்மணி. ஊட்டடுப்பு மட்டுந்தான்."

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் இது ஒன்றும் புதிதில்லை. மச்சாண்டார் வந்தால் தம்பி மனைவி ஒதுங்கி நிற்க வேண்டும், முகம் பார்க்கக் கூடாது, நேராகப் பேசக் கூடாது. மற்ற வீடுகளில் அவர் காட்டுக்குப் போய்விடுவார், இவள் சமையலறையில் இருப்பாள், சிக்கல் இல்லை. எங்கள் வீட்டில் இரண்டு பேரும் ஒரே கொட்டகையில், பத்தடி இடைவெளியில், காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்க வேண்டும். எனக்கு அந்த வேலை பிடித்துப் போயிருந்தது. வீட்டடுப்புக்குத் திரும்பிப் போக எனக்கு மனமில்லை.

கச்சாயத்தில் இரண்டே காரியம்தான். ஒன்று மாவு, மற்றொன்று பாகு. அரிசியை ஊற வைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே இடிக்க வேண்டும். மாவைக் கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அது என் பொறுப்பு. வெல்லப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டினால் உருள வேண்டும், அழுத்தினால் அமுங்க வேண்டும். அது பெரியவர் பொறுப்பு. ஆனால் இரண்டும் தனித்தனி இல்லை. மாவில் ஈரம் கூடினால் பாகு இன்னும் கொஞ்சம் முற்ற வேண்டும். மாவு காய்ந்திருந்தால் பாகு இளசாக இருக்க வேண்டும். இது பொருந்தாவிட்டால் மறுநாள் எண்ணெயில் போட்ட கச்சாயம் மணலாகக் கரைந்துவிடும், இல்லையென்றால் எறிந்தால் மண்டை உடைகிற கல்லாகிவிடும். அதனால் பாகு இறங்குவதற்கு முன்னால் மாவின் சேதி பெரியவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

முதலில் என் கணவர் வழியாகத்தான் சேதி போயிற்று. "மாவு ஈரமுங்கன்னு சொல்லுங்க" என்றால், அவர் போகிற வழியில் யாரையாவது பார்த்து நின்று, மழை வருமா என்று பேசி, பாகு கல்லான பிறகு போய், "மாவு ஏதோ சொல்லுது" என்பார். ஒருநாள் அவரைக் காணவே காணோம். பாகு நுரைத்துக்கொண்டிருக்கிறது. நான் உரலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்:

"உரலே, இன்னிக்கு மாவு கொஞ்சம் ஈரம்."

பாகில் கரண்டி நின்றது. பிறகு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"உரலு, செரின்னு சொல்லு."

அன்றிலிருந்து எங்கள் கடைக்கு மேனேஜர் அந்த உரல்தான். "உரலே, ஏலக்காய் தீந்து போச்சு." "உரலு, கடைக்குப் போறப்ப வாங்கியாறேன்னு சொல்லு." மாமியார் வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். உரலோடு பேசக் கூடாது என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லாததால் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. நாளடைவில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. உரல் ஒன்றும் சொல்லவில்லை என்றால் மாவு எப்போதும்போல இருக்கிறது என்று அர்த்தம். பேச்சு இன்னும் குறைந்தது. கச்சாயம் மட்டும் நாளுக்கு நாள் நன்றாக வந்தது.

பெரியவர் எதையும் வாயில் வைத்துப் பார்க்க மாட்டார். சாமிக்கு வைக்காததை ருசி பார்ப்பது எச்சில் என்பார். வருடத்துக்கு ஒருமுறை உடுமலைப்பேட்டை போய் அங்கிருந்து மறையூருக்குப் பஸ் ஏறுவார். அங்கே கரும்பு ஆலைக் கொட்டகைகளில் வெல்ல உருண்டையை உடைத்து, முகர்ந்து, வெயிலில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவார். கோபம் வந்தால் கத்த மாட்டார். கரண்டியை வடச்சட்டி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் தப்பு. இரண்டு தட்டு என்றால் பெரிய தப்பு. மூன்றாவது தட்டை யாரும் கேட்டதில்லை. இதில் பாதி என் கணவர் சொன்னது, மீதி பெரியவருடைய கையையும் காலையும் பார்த்துத் தெரிந்துகொண்டது. இடது கால் பெருவிரல் நகம் இரண்டாகப் பிளந்திருக்கும். வலது மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த தழும்பு ஒன்று. பாகை உருட்டும்போது சுண்டுவிரல் மட்டும் தனியாக நீட்டி நிற்கும். அதற்கு மேலே நான் போனதில்லை.

எனக்குக் கல்யாணமாகி நான்காவது வருடம், தை மாதக் கடைசி முகூர்த்தத்தில், நல்லேப்பிள்ளிப் பண்ணைக்காரர் ஒருவர் வீட்டில் கல்யாணம். எண்ணூறு கச்சாயம் வேண்டும், அதுவும் தங்கள் வீட்டிலேயே வந்து போட்டுத் தர வேண்டும், அரிசியும் தங்களுடையதே என்றார். வழக்கமாக நாங்கள் அதற்கு ஒப்புக்கொள்வதில்லை. பெரிய இடம் என்பதால் பெரியவர் ஒப்புக்கொண்டார். நான், என் கணவர், அவர், மூன்று பேரும் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் போய் இறங்கினோம். உரலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதன் வேலையை என் கணவர் செய்வதாக ஏற்பாடு.

பண்ணைக்காரர் வீட்டில் எல்லாமே தயாராக இருந்தது. அரிசியை ஊற வைத்து, அவர்கள் வீட்டுப் பெண்களே முன்பக்கத்தில் இடித்துச் சலித்து, கூடைகளில் மாவைப் பின்கட்டுக்கு அனுப்பினார்கள். பெரியவர் அதற்குள் அடுப்பை மூட்டிப் பாகு வைத்துவிட்டார். நான் மாவில் கை வைத்தேன். பிடி நின்றது. விரலால் தட்டினேன். உதிரவில்லை. உள்ளங்கையைப் பார்த்தால் பசை மாதிரி ஒட்டியிருக்கிறது. எனக்குப் புரிந்துவிட்டது. நான் அந்த ஊர் நெல்லில் வளர்ந்தவள். அது அறுத்து இருபது நாள்கூட ஆகாத புது அரிசி.

"அரிசி பத்தாயத்துப் பழசுதானுங்களே?" என்று பண்ணைக்காரரிடம் கேட்டேன்.

"பழசேதான்" என்றார், கொஞ்சம் அதிக வேகமாக. தன் வயலில் இந்த வருடம் விளைந்த நெல்லைச் சம்பந்தி வீட்டார் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மனிதருக்கு. சொன்னால் பெரியவர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று மறைத்துவிட்டார்.

புது அரிசி மாவு பாகை இழுக்காது. வழக்கமான பதத்தில் இறக்கினால் எண்ணூறும் எண்ணெயில் கரைந்துவிடும். பாகு இன்னும் முற்ற வேண்டும். வடகரப்பதியில் மூட்டை அரிசி வாங்கிப் பழகிய பெரியவருக்கு இது கைக்குத் தெரியாது. சொல்ல வேண்டியது நான். கணவரைத் தேடினால், அவர் பந்தலில் மைக்செட்காரர் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த பாட்டுக்கு இசைத்தட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த மைக்செட்டின் குழாய் ஒன்றைப் பின்கட்டுத் தென்னையில், சரியாக எங்கள் தலைக்கு மேலே, கட்டியிருந்தார்கள்.

சுற்றிப் பார்த்தேன். ஒரு கன்றுக்குட்டி கட்டியிருந்தது.

"கன்னுக்குட்டி, இது புது அரிசி!" என்றேன். பாட்டுச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. "கன்னுக்குட்டி, பாகு முத்தோணும்!" என்று கத்தினேன். கன்று மிரண்டு கயிற்றை இழுத்ததுதான் மிச்சம். பெரியவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் கணக்கில், உரல் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் மாவு வழக்கம்போல. ஒரு கரண்டிப் பாகை எடுத்து ஒரு பிடி மாவில் கலந்து பார்த்துவிட்டார். அது எப்போதும் செய்வதுதான், கலந்த உடனே வித்தியாசம் தெரியாது. இறக்குவதற்குத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டார்.

பின்கட்டு முழுக்கப் பெண்கள். பாதிப் பேர் என் பிறந்த வீட்டுச் சொந்தம். ஒரு வார்த்தை பேசினால் பஸ் ஏறுவதற்கு முன்பே சேதி வடகரப்பதி போய்விடும். என் அடுப்பு போய்விடும். எனக்கு அழுகை வந்தது. நான் சுற்றிக்கொண்டு போய் வடச்சட்டிக்கு எதிர்ப்பக்கம் நின்று, நிமிர்ந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்:

"எறக்காதீங்க! புது அரிசிங்க!"

சொல்லி வைத்தாற்போல அந்த நேரம் பாட்டு முடிந்தது. நான் சொன்னது தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

ஆவிக்கு அந்தப் பக்கம் அவர் முகம். மூக்கு நுனியில் ஒரு வேர்வைத் துளி. புருவம் மேலே ஏறி நிற்கிறது. கரண்டியை எத்தனை தட்டுத் தட்டுவாரோ என்று நான் பயந்துகொண்டு நிற்கிறேன். அவர் தட்டவில்லை.

"எத்தன கொதி?" என்று கேட்டார், என்னைப் பார்த்து.

"மூணு கொதிங்க."

மூன்று கொதி என்பது அதிகம். நான் சொன்னது தப்பாக இருந்தால் எண்ணூறும் கல். அவர் துணியைப் பிடித்தபடி நின்று மூன்று கொதியையும் எண்ணிவிட்டு இறக்கினார்.

மாவு ஒரு நாள் ஊற வேண்டும். அந்த ஒரு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுப்பும் போய், கச்சாயமும் போனால் என்ன செய்வது என்றே மனம் அடித்துக்கொண்டது. மறுநாள் காலை முதல் கச்சாயத்தை எண்ணெயில் விட்டார். அடியில் போயிற்று, மேலே வந்தது, உப்பியது, உடையாமல் நின்றது. அதைப் பிள்ளையாருக்கு எடுத்து வைத்தார். இரண்டாவதைக் கொண்டுபோய்க் கன்றுக்குட்டிக்குக் கொடுத்தார். எல்லாம் முடிந்த பிறகு, முதல் நாள் வழக்கமான பதத்தில் கலந்து வைத்த அந்த ஒரு பிடியைத் தட்டிப் போட்டார். அது இலையிலிருந்து நழுவின உடனே மணலாகச் சிதறியது. அதை அரித்து வாழையிலையில் வைத்து, நான் பார்க்கிற இடத்தில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

ஆனால் வடகரப்பதியில் மாமியாருக்குச் சேதி போயிருந்தது. என்னை ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் மாவு இடிக்கக் கூலிக்கு ஓர் அம்மாள் வந்தாள். மூன்று நாள் நான் வீட்டடுப்பில் ரசம் வைத்துக்கொண்டு, கொட்டகையில் உலக்கை தாளம் தப்பி விழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வோர் இடிக்கும் எனக்கு ஆத்திரமாக வந்தது.

நான்காம் நாள் சாப்பாட்டின்போது மாமியார் பெரியவரிடம் பேச்சை எடுத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"தம்பி பொண்டாட்டி உங்கூட நேருக்கு நேர் நாயம் பேசுனாளாமா? ஊரே சிரிக்குது."

"எங்கிட்ட எங்கே பேசுச்சும்மா? அந்தப் புள்ள பாகுகிட்டப் பேசுச்சு. நான் அந்தப் பக்கம் நின்னுட்டிருந்தேன்."

"பாகுகிட்டயா? பாகுக்கு 'எறக்காதீங்க'ன்னு மரியாதை குடுத்தாளாக்கும்?"

"பாகுக்கு மரியாதை குடுக்கலீன்னா கச்சாயம் எப்புடிம்மா வரும்?"

பொய் சொன்னால் பாகு முறியும் என்று நம்புகிற மனிதர் அவர். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அதுதான்.  மாமியார் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் சிரிப்பார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் பெரியவர் கொட்டகைக்குப் போய், வீட்டுக்குள் கேட்கும்படி சொன்னார்:

"உரலு, நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லு."

கதவுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகு அவர் இருந்த வரைக்கும், இருபது வருடத்துக்கு மேல், நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூட நேராகப் பேசிக்கொள்ளவில்லை. எல்லாம் உரல் மூலம்தான்.

வேலையை விட்ட பிறகு நான் வரைந்த படங்களில் எல்லாம் கையும் காலும்தான் இருக்கும். உருட்டுகிற விரல், தட்டுகிற கரண்டி, பிளந்த நகம். வண்ணத்தைக்கூடத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பதம் பார்த்துத்தான் பூசுவேன். "தலையில்லாத ஆளா வரையறியேம்மா" என்று நடராஜ் கேலி செய்வான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இளையவன் என்னை மறையூருக்கு அழைத்துப் போனான். கரும்பு ஆலைக் கொட்டகையை வரைய வேண்டும் என்று எனக்கு ஆசை. அங்கே வெல்லம் காய்ச்சுகிற வயதான ஒருவர், நான் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கச்சாயக்காரரு வீடா? அவுக வந்தா வாய் மூட மாட்டாகளே!"

"அவுங்களா? பேசவே மாட்டாங்களே!"

"அங்கன பேசாததை எல்லாம் சேத்து வச்சு இங்கன வந்து பேசுவாக. பாதிப் பேச்சு தம்பி பொஞ்சாதியைப் பத்தித்தான். 'அவ கை வச்சுச் சொன்னா மாவு பொய் சொல்லாது. ஒரே ஒரு குறை, உரலுக்குக் காது கேக்காதுன்னு நெனச்சுக்கிட்டு எந்நேரமும் கத்துறா'ம்பாக."

அன்று நான் கொட்டகையை வரையவில்லை. பஸ்ஸில் உடுமலைப்பேட்டை வரும் வரைக்கும் சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் வாந்தி வருகிறதா என்று கேட்டு எலுமிச்சம்பழம் கொடுத்தாள்.

சுகன்யா கேட்ட படத்தை இப்போது முடித்துவிட்டேன். எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுதான், அதைத்தான் வரைந்தேன். ஆவி, மூக்கு நுனியில் துளி, மேலேறிய புருவம், கையில் துணி.

"அத்தை, பெரிய மாமா இத்தன பயந்தவரா?" என்றாள் சுகன்யா.

வரைந்து முடித்துப் பார்த்தபோதுதான் எனக்கும் தெரிந்தது. அன்றைக்கு நான் ஒருத்திதான் பயந்தேன் என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பயந்துகொண்டேதான் அவர் என் பேச்சைக் கேட்டிருக்கிறார்.

"பேர நீயே எழுதிக்க கண்ணு" என்று அவளிடம் கொடுத்துவிட்டேன். எழுதினாள். நடராஜ் ஆணி அடித்தான், கோணல் என்றாள், மறுபடி அடித்தான். படத்துக்குக் கீழே பழைய உரலைக் கொண்டுவந்து வைத்து, குழிக்குள் பிளாஸ்டிக் பூவும் வைத்தார்கள். மேனேஜருக்கு ஓய்வுக் காலத்தில் இப்படி ஓர் அலங்காரம்.

மத்தியானம் இரண்டு பேரும் சாப்பிடப் போன பிறகு நான் மட்டும் போய் நின்றேன். படத்தைப் பார்க்கலாம் என்றுதான் போனேன். கண் தானாகக் கீழே இறங்கிவிட்டது. பூவை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"உரலே, படம் செரியா வந்திருக்குதான்னு கேளு" என்றேன்.

கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன்.